இதை விட்டுவிடலாம்

பொறியியல் கல்லூரிகளில் ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ என்ற தாளை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எஸ்.ஓ.எம். தான். சிவில்காரர்களும் மெக்கானிக்கல்காரர்களும் அதைத் தாண்டாமல் பட்டம் வாங்க முடியாது. அரியர் வைத்தவர்களுக்கு அது இன்னும் நன்றாக நினைவிருக்கும். அந்தத் தாளின் முதல் பகுதியில் அடிக்கடி தலைகாட்டும் இரண்டு மார்க் கேள்வி ஒன்று உண்டு: எளிய வளைவுக் கோட்பாட்டின் அனுமானங்களை எழுதுக. பதில் எல்லோருக்கும் மனப்பாடம். பொருள் எங்கும் ஒரே சீரானது. பீம் தொடக்கத்தில் நேராக இருக்கிறது. வளைவதற்கு முன் தளமாக இருந்த குறுக்குவெட்டு, வளைந்த பிறகும் தளமாகவே இருக்கும். இழுவைக்கும் அமுக்கத்துக்கும் யங் குணகம் ஒன்றே. ஒவ்வொரு அடுக்கும் தனக்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளின் தடையின்றி நீளும், சுருங்கும். நான்கு எழுதினால் போதும். எழுதிவிட்டு மாணவன் அடுத்த கேள்விக்குப் போகிறான். டிக் அடித்துவிட்டு ஆசிரியர் அடுத்த விடைத்தாளுக்குப் போகிறார்.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று படித்தால் திடுக்கென்று இருக்கும். அடுக்குகள் ஒன்றையொன்று தடுக்காமல் தம் பாட்டுக்கு நீண்டு சுருங்கினால் அது பீமே அல்ல, சீட்டுக்கட்டு. சம தடிமனுள்ள இரண்டு பலகைகளை ஒட்டாமல், ஆணியடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் எடை ஏற்றிப் பாருங்கள். அதே மொத்தத் தடிமனில் ஒரே மரத்துண்டு காட்டும் விறைப்பில் நான்கில் ஒரு பங்குதான் கிடைக்கும். மீதி முக்கால் பங்கு எங்கிருந்து வருகிறது என்றால், ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கைச் சறுக்கவிடாமல் பிடித்துக்கொள்வதிலிருந்து வருகிறது. அந்தப் பிடிமானத்தில் எழுவதுதான் ஷியர். வளைவுக் கோட்பாடு முழுக்க அதை நம்பித்தான் நிற்கிறது. நம்பி நின்றுகொண்டே, அதனால் பீமில் ஏற்படும் உருமாற்றத்தைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. (அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று செங்குத்தாக அழுத்துவதில்லை என்பதைத்தான் அந்த வரி சொல்ல வந்தது. நோட்ஸிலிருந்து நோட்ஸுக்கு இறங்கி வந்ததில் அதற்கு இந்தக் கதி.)

திடப்பொருள் இயந்திரவியல் பேராசிரியர் ஒருவர் முப்பது நாற்பது வருடம் வகுப்பறையில் என்ன செய்கிறார்? தகைவு, திரிபு, விசை என்று அவர் கரும்பலகையை நிரப்புவது உண்மை. ஆனால் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் அவரால் ஒரு மணி நேர வகுப்பைக்கூட முடிக்க இயலாது: “இந்த டெர்ம் ரொம்பச் சின்னது, நெக்லெக்ட் பண்ணிடலாம்.” எதையும் விடாமல் கணக்குப் போடுவேன் என்று அடம்பிடிப்பவனால், கூரையில் கட்டிய கம்பியில் ஒரு வாளி தொங்குவதற்குக்கூட விடை காண முடியாது. கம்பியின் சொந்த எடை, வெயிலில் அதன் நீட்சி, முடிச்சில் அதன் நெளிவு என்று அது போய்க்கொண்டே இருக்கும். எதை விடுவது என்று தெரிந்தால்தான் விடை வரும். அந்தத் தொழிலின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. அதில் உள்ள ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

இந்தத் துறையின் பேராசிரியர் என்றால் உலகம் முழுக்கப் பொறியியல் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஸ்டீபன் டிமோஷென்கோ. நம் ஊர்க் கல்லூரி நூலகங்களில், அட்டை கிழிந்து பைண்டிங் செய்யப்பட்ட மலிவுப் பதிப்பாக அவர் இருப்பார். நெகிழ்மைக் கோட்பாடு, தகடுகளும் ஓடுகளும், அதிர்வுகள், தூண்களின் நிலைப்பு என்று தலைப்புக்கு ஒரு புத்தகம் எழுதியவர். அந்த அட்டைக்குப் பின்னால் எப்படிப்பட்ட ஒரு வாழ்க்கை இருந்தது என்பதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. பாடத்திட்டத்தில் அதற்கு மார்க் கிடையாது.

1878 டிசம்பரில், இன்று உக்ரைனில் இருக்கும் ஷ்போதிவ்கா என்ற கிராமத்தில் பிறந்தார். ரோம்னி நகரப் பள்ளியில் அவரோடு படித்தவர்களில் ஒருவர், பின்னாளில் சோவியத் இயற்பியலின் மூத்தவராக ஆன ஆப்ராம் இயோஃபே. பீட்டர்ஸ்பர்க்கில் ரயில்வே, சாலைப் பொறியாளர்களை உருவாக்கும் நிறுவனத்தில் 1901இல் பட்டம் பெற்றார். 1906இல் கீவ் பாலிடெக்னிக்கில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேராசிரியர். வயது 28கூட நிறையவில்லை. ஐந்து ஆண்டு போயிற்று. 1911இல் கல்வி அமைச்சர் கஸ்ஸோவின் நடவடிக்கைகளை எதிர்த்துப் பேராசிரியர்கள் போட்ட கையெழுத்துகளில் அவருடையதும் இருந்தது. வேலை போனது.

அந்தச் சமயத்தில் குடும்பத்துக்குக் கைகொடுத்தது ஒரு பரிசுப் பணம். தூண்கள் எந்த எடையில் நெளிந்து சாயும் என்பதைப் பற்றி அவர் செய்த ஆய்வுக்காக, படித்த நிறுவனமே அளித்த பரிசு. அதன் பெயர் ஜுராவ்ஸ்கி பரிசு. இந்தப் பெயரில் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

திமித்ரி ஜுராவ்ஸ்கியும் அதே நிறுவனத்தில் படித்தவர்தான், 1842ஆம் ஆண்டு மாணவர். பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோவுக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வெளியே வந்ததும் அந்தப் பாதையில் பாலம் கட்டும் வேலை அவருக்கு. இரும்பு அரிது, மரம் தாராளம். ஆகவே மரப் பாலங்கள். அன்றைக்கு வளைவுக் கோட்பாட்டின் அதிகாரபூர்வக் குரல் பிரெஞ்சுக்காரரான நவியே. மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, முறிந்தால் அங்கேதான் முறியும் என்பது அந்தக் கோட்பாடு. இரும்பில் அது பெரும்பாலும் சரியாகவே வந்தது. மரம் வேறு மாதிரி நடந்துகொண்டது. பெரிய உத்தரங்கள் அடியில் முறியாமல், நடு உயரத்தில், நார் ஓடும் திசையில் நெடுக்காகப் பிளந்தன. மரத்துக்கு நாரோட்டத்தில் பிடிமானம் மிகக் குறைவு. இரும்பு ஒளித்துவைத்திருந்ததை மரம் வெளியே காட்டிவிட்டது. அடுக்குகள் சறுக்கப் பார்க்கின்றன, அந்தச் சறுக்கலைத் தடுக்கும் தகைவு எவ்வளவு என்று கணக்கிட ஜுராவ்ஸ்கி ஒரு வாய்பாடு கண்டார். 1855இல் பீட்டர்ஸ்பர்க் அகாதமி அவருக்கு டெமிடோவ் பரிசு கொடுத்தது. இன்றும் எஸ்.ஓ.எம். தாளில் ‘ஷியர் ஸ்ட்ரெஸ் டிஸ்ட்ரிபியூஷன்’ கணக்கு வந்தால் மாணவர்கள் போடுவது அந்த வாய்பாடுதான். நம் புத்தகங்களில் அதன் தலைமேல் அவர் பெயரைத் தேடிப் பயனில்லை. ஹூக் உண்டு, யங் உண்டு, மோர் உண்டு. ஜுராவ்ஸ்கி இல்லை.

கணக்கில் விட்டுப்போன ஒன்றைக் கண்டெடுத்தவரின் பெயரால் வைத்த பரிசு, வேலையிழந்த ஒருவரைத் தாங்கியது. அப்படித் தாங்கப்பட்டவர் அடுத்த சில ஆண்டுகளில் செய்த காரியம், அதே ஷியரின் அடுத்த பாகத்தை எழுதியது. இதைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரே கல்லூரியின் மரபு தனக்குள் ஒரு கேள்வியைக் கைமாற்றிக்கொண்டே வந்தது என்று நினைக்கத் தோன்றுகிறது.

அடுத்த பாகம் இது. ஜுராவ்ஸ்கி ஷியர் தகைவைக் கணக்கிட்டார். ஆனால் அந்தத் தகைவால் பீம் கூடுதலாக எவ்வளவு தொய்கிறது என்பது பொதுக் கணக்கில் சேராமலே கிடந்தது. சேர்க்காததற்குக் காரணமும் உண்டு. நீளம் உயரத்தைப் போல் 20 மடங்கு உள்ள செவ்வக இரும்பு பீமை இருமுனையும் தாங்கி, நடுவில் எடை வைத்தால், ஷியரால் வரும் கூடுதல் தொய்வு வளைவுத் தொய்வில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. 10 மடங்கென்றால் ஏறத்தாழ 3 சதவீதம். இதற்காக யார் மண்டையை உடைத்துக்கொள்வது? நீளம் நான்கு மடங்குதான் என்றால் அது கிட்டத்தட்ட 20 சதவீதமாகிவிடுகிறது. குட்டையான, தடித்த பீம்கள், வேகமாக அதிரும் பீம்கள், இவையெல்லாம் அந்தச் சின்ன டெர்மைச் சின்னதாக இருக்கவிடுவதில்லை.

அதிர்வில்தான் இந்தக் கதை இன்னும் சுவாரசியமாகிறது. அதிரும் பீமின் ஒவ்வொரு துண்டும் மேலும் கீழும் போவதோடு கொஞ்சம் சுழலவும் செய்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ரேலி பிரபு கவனித்து, அதற்கொரு திருத்தம் சேர்த்தார். அதோடு கணக்கு நிறைவாகிவிட்டது என்றுதான் எல்லோருக்கும் தோன்றியிருக்கும். டிமோஷென்கோ ஷியரையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். செவ்வக பீமில், ரேலி சேர்த்த திருத்தத்தைவிட அவர் சேர்க்காத திருத்தம் மூன்று நான்கு மடங்கு பெரிது. அத்தனை பெரிய மேதை சிறியதைக் கவனமாக எடுத்து வைத்துவிட்டுப் பெரியதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் 1921இல் லண்டன் ‘ஃபிலசாஃபிகல் மேகஸின்’ இதழில் வந்தது. இன்று அன்சிஸ் மென்பொருளில் பீம்188 என்ற எலிமென்ட்டைத் தேர்வு செய்யும் ஒவ்வொருவரும் அந்தக் கட்டுரையின்மேல்தான் கிளிக் செய்கிறார்கள். அனுமானங்கள் இப்போது இரண்டு மார்க் கேள்வியாகக்கூட இல்லை. மெனுவில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டன. திரையில் நீலமும் சிவப்புமாக அழகான படம் வருகிறது, அதைப் பார்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்ற திருப்தியும் வந்துவிடுகிறது.

டிமோஷென்கோ கீவில் பேராசிரியரான மறு ஆண்டு, கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல், கியூபெக் நகருக்கு அருகில், உலகிலேயே நீளமான கேன்டிலீவர் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர், நியூயார்க்கில் இருந்தவர், அமெரிக்கப் பாலக்கலையில் பெரிய பெயர். பாலத்தின் நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டச் சொன்னவர் அவர்தான். நீட்டினால் இரும்பு கூடும், பாலத்தின் சொந்த எடை கூடும். அந்தச் சொந்த எடையைப் புதிதாகக் கணக்கிடாமல், பழைய எடையை வைத்தே உறுப்புகளை வடிவமைத்தார்கள். உண்மை எடை தெரியவந்தபோது இரும்பில் பெரும்பகுதி தயாராகிவிட்டது, பாலமும் எழும்பத் தொடங்கியிருந்தது. தகைவு கொஞ்சம்தான் கூடுகிறது, பரவாயில்லை என்று கூப்பர் முடிவு செய்தார். உடல்நிலை காரணமாக அவர் பாலத்தின் பக்கமே வருவதில்லை.

கீழ்ப்புறம் அமுக்கத்தைத் தாங்கும் பெரிய உறுப்புகள் ஒவ்வொன்றும் நான்கு தடித்த தகட்டு அடுக்குகளால் ஆனவை. அந்த நான்கையும் ஒன்றாகப் பிடித்துவைத்தவை மெல்லிய பின்னல் சட்டங்கள். நம் சிவில்காரர்கள் லேசிங் என்பார்கள். அந்த உறுப்பை ஒரே துண்டாக நடந்துகொள்ள வைப்பது லேசிங்தான். அது தளர்ந்தால் நான்கும் தனித்தனி மெல்லிய தூண்கள். மெல்லிய தூண் என்ன ஆகும் என்பதை ஆய்லர் 1744லேயே எழுதிவிட்டார். முதலில் சொன்ன ஒட்டாத பலகைகளின் கதைதான் இது. நின்ற வாக்கில், ஆயிரக்கணக்கான டன் எடையின் கீழ். லேசிங் சுமப்பதும் ஷியரைத்தான். அமுக்கமோ எக்கச்சக்கம், ஷியரோ அற்பம். ஆகவே சட்டங்கள் மெல்லியதாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

1907 ஆகஸ்டில் அந்த உறுப்புகளில் ஒன்று வளைந்திருப்பதை இடத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு வாரம் முன்பு அளந்ததைவிட வளைவு கூடியிருந்தது. இரண்டு அங்குலத்துக்கும் மேல் போய்விட்டது. பட்டறையிலிருந்து வரும்போதே அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒரு சாரார் வாதாடினார்கள். இளம் பொறியாளர் நார்மன் மக்லூர் ரயிலேறி நியூயார்க் போய் கூப்பரிடம் நேரில் சொன்னார். கூப்பர் உடனே, இனி எடை ஏற்றாதீர்கள் என்று பாலத்தைக் கட்டும் கம்பெனியின் தலைமையகத்துக்குத் தந்தி கொடுத்தார். தந்தி போய்ச் சேர்ந்தது, ஆனால் பாலத்தில் வேலை நிற்கவில்லை. ஆகஸ்ட் 29 மாலை, வேலை முடியும் நேரத்தில், பாலத்தின் தென்பகுதி முழுதும் சில நொடிகளில் ஆற்றில் போயிற்று. 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் காஹ்னவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி இரும்புத் தொழிலாளர்கள்.

கூப்பரை வில்லனாக்குவது சுலபம். விசாரணை ஆணையமும் அவரைத் தப்பவிடவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அவர் செய்ததை ஒவ்வொரு பொறியாளரும் தினமும் செய்கிறார், செய்தாக வேண்டும். ‘கொஞ்சம்தான் கூடுகிறது, விட்டுவிடலாம்’ என்ற வாக்கியம் வகுப்பறையில் பேராசிரியர் சொன்ன அதே வாக்கியம். கரும்பலகையில் ஒரு டெர்மை அழித்தால் அது டஸ்டரோடு போய்விடுகிறது. ஆனால் பாலத்தில் அது எங்கும் போவதில்லை. தாளில் சுமக்காமல் விட்ட எடையை இரும்பு சுமக்கிறது. இரும்புக்கு முடியாதபோது, அதன்மேல் ரிவெட் அடித்துக்கொண்டிருக்கும் ஆள் சுமக்கிறான். விட்டவர் ஒருவர், அதைச் சுமப்பவர் இன்னொருவர். பெரும்பாலும் அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. ஒரு திடப்பொருள் இயந்திரவியல் பேராசிரியரின் வாழ்க்கைக்கு ஏதாவது கனம் இருக்கிறதென்றால், நான் புரிந்துகொண்டவரை, அது இந்த இருவருக்கும் நடுவில் நிற்பதால் வருவது. விடலாம் என்று கற்றுக்கொடுத்த அதே வாயால், விட்டதை யார் சுமக்கிறார் என்று கேட்கவும் அவர் கற்றுக்கொடுத்தாக வேண்டும். முதல் பாதியைக் கற்றுக்கொடுக்கப் புத்தகம் போதும். இரண்டாம் பாதிக்கு எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும்.

இதைக் காட்டப் பழைய ஆசிரியர்களிடம் ஒரு வித்தை உண்டு. கையிலிருக்கும் சாக்பீஸை இரு முனையிலும் பிடித்து, வளைக்காமல், மெதுவாக முறுக்குவார்கள். முறுக்கு என்பது சுத்தமான ஷியர். ஆனால் சாக்பீஸ் நேராக வெட்டியதுபோல் உடையாது; 45 டிகிரி சாய்வில் சுருள் படிக்கட்டு மாதிரி ஒரு முகத்தோடு உடையும். முறுக்கின் உள்ளே, சாய்ந்த திசையில் இழுவை ஒளிந்திருக்கிறது. சாக்பீஸுக்கு ஷியரைத் தாங்கத் தெரியும், இழுவையைத் தெரியாது. நீங்கள் கொடுத்தது ஒன்று, அது செத்தது இன்னொன்றால். மைல்டு ஸ்டீல் கம்பியை முறுக்கினால் தட்டையாகவே உடையும். அதன் பலவீனம் வேறிடத்தில். இவ்வளவும் ஐந்து பைசா செலவில்லாமல், அரை நிமிடத்தில். எந்தக் கருத்தரங்கிலும் இதற்குப் புள்ளி கிடையாது. இன்று ஒரு பேராசிரியரின் பதவி உயர்வைத் தீர்மானிப்பது ஸ்கோபஸ் பட்டியலில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கை. வகுப்பில் உடைத்த சாக்பீஸ்களை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. அதுவும் விட்டுவிடத்தக்க டெர்ம் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

டிமோஷென்கோவின் மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். மறுபடி பீட்டர்ஸ்பர்க்கில் ஆசிரியர் வேலை. புரட்சி. 1918இல் கீவ் திரும்பி, விஞ்ஞானி வெர்னாட்ஸ்கியோடு சேர்ந்து உக்ரைன் அறிவியல் அகாதமியைத் தொடங்குவதில் பங்கு. உள்நாட்டுப் போரில் நகரம் கைமாறிக்கொண்டே இருந்தது. ரஸ்தோவ், கிரிமியா, கான்ஸ்டான்டினோபிள் வழியாக யுகோஸ்லாவியா. ஜாக்ரெப் பாலிடெக்னிக்கில் மறுபடி பேராசிரியர். குரோஷிய மொழி வராது; ரஷ்ய மொழியிலேயே பாடம் நடத்தி, தெரிந்த குரோஷியச் சொற்களை ஆங்காங்கே செருகிக்கொண்டார். மாணவர்களுக்குப் புரிந்தது. 1922இல் அமெரிக்கா போனார். வயது 43. முதலில் பிலடெல்பியாவில் அதிர்வுகளைக் கையாளும் ஒரு சின்ன நிறுவனம், பிறகு வெஸ்டிங்ஹவுஸ், 1927இல் மிச்சிகன் பல்கலைக்கழகம், 1936இல் ஸ்டான்ஃபோர்ட். இத்தனை எல்லைகளைத் தாண்டியும் அவர் எடுத்துச்சென்றது புத்தகங்களை அல்ல, அவற்றைத் திரும்ப எழுதும் திறமையை. ஒரு நாட்டில் விட்டுவந்ததை இன்னொரு நாட்டில், இன்னொரு மொழியில் எழுதினார்.

அமெரிக்கப் பொறியாளர்களைப் பற்றி அவருக்குக் கறாரான அபிப்பிராயம் இருந்தது. வழக்கமான கணக்கென்றால் அவர்கள் சமாளிப்பார்கள், வழக்கத்துக்கு மாறான கணக்கு வந்தால் திணறுவார்கள், அடிப்படைக் கணிதத்தில் தனக்குக் கிடைத்த பயிற்சிதான் தன்னைக் காப்பாற்றியது என்பது அவர் நினைவுக்குறிப்புகளின் சாரம். கொஞ்சம் அகம்பாவம் தொனிக்கிறது, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. கைநூலில் வாய்பாடு இருக்கும். எந்த நீளத்தில், எந்தத் தடிமனில், எந்த வேகத்தில் அது பொய் சொல்லத் தொடங்கும் என்பது கைநூலில் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள அந்த வாய்பாடு பிறந்த இடத்துக்கு, அதாவது அதன் அனுமானங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும். அவருடைய புத்தகங்கள் எல்லாமே அப்படித் திரும்பிப் போகும் பாதையாக எழுதப்பட்டவை. 1958இல், 80 வயதை எட்டும்போது, சோவியத் யூனியனுக்குப் போய்ப் பழைய கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே பொறியியல் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று ஒரு சிறுநூலும் எழுதினார். 1972இல் ஜெர்மனியின் வுப்பர்டாலில், 93 வயதில் இறந்தார்.

விட்டுப்போனவற்றைத் தேடி எடுத்தவரின் கணக்கிலும் ஒன்று விட்டுப்போயிருந்தது. அவர் பெயரால் வழங்கும் பீம் கோட்பாட்டில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு: பால் எரன்ஃபெஸ்ட். வியன்னாவில் பிறந்த இயற்பியலாளர், வேலை கிடைக்காமல் பீட்டர்ஸ்பர்க்கில் சில ஆண்டுகள் இருந்தவர். 1912இல் லைடன் பல்கலைக்கழகத்தில் லோரென்ட்ஸின் நாற்காலியில் அமர்ந்தவர். ஐன்ஸ்டைனின் நெருங்கிய நண்பர். 1916இல் ரஷ்ய மொழியில் வெளிவந்த தன் நெகிழ்மைக் கோட்பாட்டுப் பாடநூலின் அடிக்குறிப்பு ஒன்றில் டிமோஷென்கோ இந்தக் கூட்டுறவைக் குறிப்பிட்டிருக்கிறார். நாடு மாறி, மொழி மாறி, 1921இல் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தபோது அந்தப் பெயர் உடன் வரவில்லை. ஏன் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை; அடிக்குறிப்புகள் எல்லை தாண்டும்போது உதிர்ந்துபோவது எல்லா மொழியிலும் நடப்பதுதான். இந்த நூற்றாண்டில் ஆய்வாளர்கள் அந்தப் பழைய ரஷ்யப் பக்கத்தைப் புரட்டிக் காட்டிய பிறகு ‘டிமோஷென்கோ–எரன்ஃபெஸ்ட் பீம்’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எரன்ஃபெஸ்ட் அதைப் பார்க்க இல்லை. 1933இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

டிமோஷென்கோவிடம் இதற்கு நேர் எதிரான ஒரு குணமும் இருந்தது. 1953இல் அவர் வெளியிட்ட ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் துறையின் வரலாறு, வாய்பாடுகளுக்குப் பின்னால் இருந்த ஆட்களின் கதை. அதில் ஜுராவ்ஸ்கி வருகிறார், அவருடைய மரப் பாலங்களோடும் பிளந்த உத்தரங்களோடும். யார் எதைக் கவனிக்காமல் விட்டார், பிறகு யார் வந்து அதை எடுத்தார் என்று அந்த நூல் கலிலியோவிலிருந்து தொடங்கிப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. கலிலியோவே, வீட்டுக்காவலில் இருந்தபடி எழுதி 1638இல் லைடனில் அச்சான நூலில், சுவரிலிருந்து நீட்டிய உத்தரத்தின் பலத்தை மூன்று மடங்கு கூடுதலாகக் கணக்கிட்டுவிட்டார். முகம் முழுக்க இழுவை ஒரே அளவில் பரவியிருக்கும் என்று அவர் நினைத்ததுதான் காரணம். அகலம், உயரத்தின் வர்க்கம் என்ற விகிதம் மட்டும் அன்றே சரியாக வந்துவிட்டது.

கியூபெக்கின் லேசிங் இன்று நம்மூர்ச் சட்டத்துக்குள்ளும் இருக்கிறது. இரும்புக் கட்டுமானங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 800, லேசிங் போட்ட தூண் தாங்கும் அச்சு விசையில் குறைந்தது இரண்டரை சதவீதத்தைப் பக்கவாட்டு ஷியராக எடுத்துக்கொண்டு லேசிங்கை வடிவமைக்கச் சொல்கிறது. அதோடு, தூணின் மெலிவு விகிதத்தை 1.05ஆல் பெருக்கிக்கொள்ளவும் சொல்கிறது. ஷியரால் ஏற்படும் உருமாற்றத்துக்காக என்று ஒரே வரியில் காரணம். ஒரு மரப் பிளவு, ஒரு வேலை நீக்கம், ஓர் ஆகஸ்ட் மாலை, எல்லாம் சேர்ந்து அந்த ஐந்து சதவீதத்தில் அடங்கியிருக்கின்றன. சென்னையில் ஏதாவதொரு டிசைன் ஆபீசில், சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண் ஒருத்தி எக்செல் ஷீட்டில் அந்த எண்ணுக்கு வந்து நிற்பாள்.

“இங்க ஏன் சார் 1.05?”

“கோட்ல இருக்கும்மா. போட்டுட்டுப் போ. சாயங்காலம் டிராயிங் போகணும்.”

அவள் போடுகிறாள். அந்தக் கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, கமென்ட் திறந்து, ‘ஏன் என்று பார்க்க வேண்டும்’ என்று தட்டச்சு செய்துவிட்டு, அடுத்த வரிசைக்குப் போகிறாள்.